பொருந்தாத நாயகன், தளரும் நாடகம்

ஒரு நடிகர் மோசமாக நடிப்பதும், தமக்குப் பொருந்தாத பாத்திரத்தை ஏற்று நன்றாக நடிப்பதும் ஒன்றல்ல. முதலாவதை எந்த ரசிகரும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது எளிதில் பிடிபடாது. வசனம் சரியாக இருக்கும், அழுகை சரியாக இருக்கும், ஒளிப்பதிவும் இசையும் தத்தம் கடமையைச் செய்திருக்கும். ஆயினும் படம் முடிந்து வெளியே வரும்போது எதுவோ குறைந்ததாகத் தோன்றும். குறையைத் திரைக்கதையின் மீது சுமத்திவிட்டு வீடு திரும்புவோம். உண்மையில் அந்தக் கதை, நாயகன் வாய் திறப்பதற்கு முன்பே தளர்ந்துபோயிருக்கும். வயது, உடல்வாகு, குரல், முந்தைய படங்களால் வந்த பெயர் ஆகிய நான்கையும் பார்வையாளர் முதல் காட்சியிலேயே உள்வாங்கிக்கொள்கிறார். எழுத்தாளர் எழுதாத வசனங்கள் அவை. எழுதிய வசனங்களோடு அவை முரண்பட்டால் வெல்வது எழுதாத வசனமே.

இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். ஒரே திரைக்கதையை, ஒரே இயக்குநர், வெவ்வேறு நாயகர்களைக் கொண்டு எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? பொருளியலில் இத்தகைய சோதனை வாய்ப்பது அரிது. தமிழ்த் திரையுலகில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது.

1954ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்த 'அந்த நாள்' பாடல், நடனம், சண்டை எதுவும் இல்லாத படம் என்பதற்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கினார், ஜாவர் சீதாராமன் எழுதினார், ஏவி.எம். தயாரித்தது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டி ராஜன் என்ற வானொலிப் பொறியாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அண்டைவீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ஆசைநாயகி, மனைவி உஷா என ஒவ்வொருவராகத் துப்பறிவாளரிடம் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் சொல்லிலும் ஒவ்வொரு ராஜன் எழுந்து வருகிறான். கடைசியில் தெரிவது: தன் அறிவுக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று வெம்பியவன் எதிரிக்கு உளவாளியாகிவிட்டான், நாட்டுப்பற்று மிக்க மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியே அவனைக் கொன்றது.

இந்த ராஜன் வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். நாடக மேடையில் ஊறியவர், சேவா ஸ்டேஜ் குழுவை நடத்தியவர். திறமையில் குறை சொல்ல எவருக்கும் துணிவு வராது. ஆனால் அவருக்கு அப்போது வயது நாற்பது. எடுத்த காட்சிகளைப் பார்த்த பாலசந்தர், பாத்திரத்துக்கு வயது கூடுதலாகத் தெரிகிறது என்று முடிவெடுத்தார். அடுத்து வந்தவர் என். விஸ்வநாதன். கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தவர். பின்னாளில் 'கல்கத்தா விஸ்வநாதன்' என்றே அறியப்பட்டவர். 'மூன்று முடிச்சு' பார்த்தவர்களுக்கு ரஜினிகாந்தின் தந்தையாக வருபவர் என்றால் நினைவுக்கு வரும். அவரை வைத்துப் படப்பிடிப்பு கணிசமாக நடந்த பிறகும் ஏவி. மெய்யப்பனுக்கு நிறைவில்லை. மூன்றாவதாக அழைக்கப்பட்டவர்தான் 25 வயது சிவாஜி கணேசன்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? உஷாவும் ராஜனும் கல்லூரிக் காலத்தில் மனம் ஒன்றியவர்கள். அவன் துரோகம் முதிர்ந்த மனிதனின் கணக்கு அன்று. பாராட்டுக்கு ஏங்கிய ஓர் இளைஞனின் காயம் புரையோடியதன் விளைவு. நாற்பது வயதுத் தோற்றமுள்ள ஒருவர் அதே சொற்களைச் சொன்னால், 'இத்தனை ஆண்டுகள் உலகத்தைப் பார்த்தவருக்கு இது தெரியாதா' என்ற எண்ணம் பார்வையாளருக்கு வந்துவிடும். அப்போது ராஜன் வெறும் வில்லன். வில்லனை மனைவி சுடுவதில் நாடகம் எங்கே இருக்கிறது? அவள் நேசித்தவன், நாமும் நேசித்திருக்கக்கூடியவன், அவனைத்தான் இழக்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் அந்தக் கடைசிக் காட்சியின் வலி. மேலும், ஐந்து பேர் சொல்லும் ஐந்து கதைகளையும் நாம் சற்று நேரமாவது நம்ப வேண்டும். கனிவு, கர்வம், கள்ளம் மூன்றையும் ஒரே முகத்தில் மாறி மாறிக் காட்டக்கூடியவர் இல்லையேல், இரண்டாவது சாட்சி பேசும்போதே விடை தெரிந்துவிடும். பண்டரிபாய் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

இங்கே பொருளியல் ஆசிரியனுக்கு உற்சாகம் தரும் செய்தி ஒன்று உண்டு. செலவழித்துவிட்ட, இனி எப்படியும் திரும்பி வராத பணத்தை மீளாச் செலவு என்போம். அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது வகுப்பறைப் பாடம். பாடத்தை ஒப்பிப்பது எளிது. எடுத்த படச்சுருளைத் தூக்கி எறிவது எளிதன்று. 'இவ்வளவு எடுத்துவிட்டோமே, ஒப்பேற்றிவிடலாம்' என்பதுதான் மனித இயல்பு. ஒருமுறை அல்ல, இரண்டு முறை அந்த இயல்பை மீறியதால்தான் 'அந்த நாள்' இன்றும் பார்க்கும்படி இருக்கிறது. வெளியானபோது அது பெரிதாக ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொருத்தமான நாயகன் வசூலுக்கு உத்தரவாதம் தருவதில்லை.

இதே மெய்யப்பன் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நேர்மாறாக நடந்துகொண்டார் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. 1952இல் 'பராசக்தி' படப்பிடிப்பின்போது, கணேசன் என்ற அந்தப் புதுமுகம் மிகவும் மெலிந்திருக்கிறார், தேறமாட்டார் என்று கருதியவர் அவர். கே.ஆர். ராமசாமியைப் போட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. கூட்டுத் தயாரிப்பாளரான நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் அசையவில்லை. பின்னர் கணேசன் உடம்பு தேறியதும் பிடிக்காத பகுதிகள் மீண்டும் எடுக்கப்பட்டன என்பது திரையுலகம் அறிந்த கதை. மெலிவைக் குறையாகக் கண்டதில் எனக்கு உடன்பாடில்லை. ரங்கூனிலிருந்து வந்து, சென்னையில் உடைமைகளைப் பறிகொடுத்து, பசியோடு தெருவில் திரியும் குணசேகரனுக்கு அந்த மெலிவைவிடப் பொருத்தமான ஒப்பனை எது? அன்றைய தயாரிப்பாளர் மனத்தில் இருந்தது 'நாயகன்' என்ற பொது அச்சு. பெருமாள் பார்த்தது குணசேகரன் என்ற குறிப்பிட்ட மனிதனை. நாயக நடிகர் தேர்வில் நிகழும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பிழை திருத்தப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் இருபது ஆண்டு பின்னே போக வேண்டும். தமிழின் செவ்வியல் இசை நாடகங்களில் கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரம்' தலையாயது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவாரின் கதையில் வேதியர் என்ற பண்ணையார் இல்லை. அவரைப் படைத்தவர் பாரதியார்தான் (கவி சுப்பிரமணிய பாரதிக்கு முந்திய இந்தப் பாரதியாரைச் சொல்கிறேன்). அந்த ஒரு படைப்பினால் பக்திக் கதை, பண்ணையாளுக்கும் நிலக்கிழாருக்கும் இடையிலான நாடகமாக மாறிவிட்டது. சிதம்பரம் போக விடுப்புக் கேட்கிறான் ஒரு கூலியாள். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் எசமானர். தஞ்சைப் பகுதியின் வேளாண் உறவுகளை மாணவர்களுக்கு விளக்க எத்தனையோ அறிக்கைகளைப் புரட்டியிருக்கிறேன். உழைப்பாளியின் உடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இந்த ஒரு காட்சி அளவுக்குத் தெளிவாக வைத்த அறிக்கை எதுவும் இல்லை.

1935இல் 'பக்த நந்தனார்' படமாக வந்தபோது நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இளவயதிலேயே மறைந்த பிறகு வெள்ளுடை பூண்டு, ஆண்களோடு இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தவர் அவர். ஆண் வேடம் என்பதால் அந்த உறுதிக்குப் பங்கமில்லை. ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்; அந்நாளில் அது எவரையும் வாய்பிளக்க வைத்த தொகை. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். இரண்டு பெரும் பாடகர்கள், ஒரு பெரும் கதை. வெற்றிக்கு வேறென்ன வேண்டும் என்று முதலீட்டாளர் நினைத்திருக்க வேண்டும். படம் எதிர்பார்த்த வெற்றியை எட்டவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம், மனிதர்களைவிட மரமும் எருமையும் ஆடும் நன்றாக நடித்திருப்பதாகக் கேலி செய்தது.

அந்தப் படத்தை இன்று நாம் பார்க்க வழியில்லை. எனினும் எங்கே இடறியது என்று ஊகிப்பது கடினமன்று. பெண் ஆண் வேடம் பூண்டதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்த மேடை நம்முடையது, டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து 'ஔவை' என்ற அடைமொழியையே பெற்றார். ஆனால் மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு: தூரம், விளக்கொளி, பாட்டு இவற்றுக்கு ஈடாக நாம் சிலவற்றைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். படக்கருவி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அது அருகில் வந்து, சேற்றில் இறங்கி உழும் உடலைக் காட்டு என்கிறது. திரையில் நந்தன் தெரியவில்லை, சுந்தராம்பாள் தெரிந்தார். அவர் பாட்டைக் கேட்க வந்தவர்களுக்கு நாற்பது வேலி நிலம் கச்சேரிக்கு நடுவே வந்த இடைவேளை. எசமானர் விடுவாரா மாட்டாரா என்ற பதைப்பு எழ இடமில்லை. ஒரு லட்சம் வாங்கியவரை யார் தடுக்க முடியும்?

1942இல் ஜெமினி மீண்டும் 'நந்தனார்' எடுத்தபோது அந்த வேடத்தில் வந்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர்; வேதியராக செருகளத்தூர் சாமா. தேசிகரும் பாடகர்தான், உழவர் அல்லர். ஆயினும் தேவார மரபில் ஊறிய அந்தக் குரலில் பணிவும் ஏக்கமும் இயல்பாகக் குடியிருந்தன. சாமாவின் மிடுக்குக்கு எதிரே அந்தப் பணிவு நின்றபோது நாடகம் உயிர் பெற்றது. அதைத் தயாரித்த எஸ்.எஸ். வாசன், கல்கியின் விமர்சனம் வெளிவந்த விகடனின் உரிமையாளர். அவரே 1953இல் சுந்தராம்பாளை ஔவையாராக்கினார். நரைத்த தலை, கைத்தடி, துறவுக் கோலம், மூவேந்தரையும் அதட்டும் குரல்: தனிமையைத் தம் வாழ்வாக்கிக்கொண்ட அந்த அம்மையாருக்கு அதைவிடப் பொருந்தும் வேடம் அமைந்திருக்க முடியாது. நந்தனில் எவை இடையூறாக இருந்தனவோ, அவையே ஔவையில் பலமாயின.

உலகெங்கும் இப்படித்தான். ஜான் வெய்ன் 1956இல் செங்கிஸ்கானாக வந்தது இன்றும் ஹாலிவுட்டின் நகைச்சுவை. 'கான் வித் த விண்ட்' படத்தில், இருபதுகளின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய ஆஷ்லியாக நடித்த லெஸ்லி ஹோவர்டுக்கு வயது 46ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்கார்லெட் அவனுக்காக ஏன் இத்தனை ஆண்டு உருகுகிறாள் என்பது அந்த மாபெரும் படத்தில் கடைசிவரை விளங்காத புதிர்.

இந்த வயதுக் கணக்கு நமக்கும் அண்மையில் எதிரே வந்து நின்றது. 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த 'பொன்னியின் செல்வன்' வெளியானபோது ஆதித்த கரிகாலனாக நடித்த விக்ரமுக்கு 56 வயது. நந்தினியாக நடித்த ஐஸ்வர்யா ராய்க்கு 48. இருவரும் தேர்ந்த கலைஞர்கள். கடம்பூர் மாளிகையில் இருவரும் எதிரெதிரே நிற்கும் காட்சி, நடிப்பு என்ற அளவில், அந்தப் படத்தின் சிறந்த கட்டம் என்பேன். ஆனால் கல்கியின் கதை இளைஞர்களின் கதை. கரிகாலனின் வெறி ஆறாத புதுக் காயத்தின் வெறி. அவனுடைய அவசரம் பட்டத்து இளவரசனின் வாலிப அவசரம். அவனை விலக்கிவிட்டு மதுராந்தகனை அரியணையில் ஏற்ற நினைக்கும் சிற்றரசர்களின் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதே அந்த நிதானமின்மைதான். ஐம்பதைத் தாண்டிய முகத்தில் அதே வெறியைப் பார்க்கும்போது, அது இளமையின் தீயாகத் தெரிவதில்லை. வாழ்நாள் முழுதும் தீராத நோயாகத் தெரிகிறது. அதுவும் ஒரு நல்ல கதையாக இருக்கலாம். கல்கி எழுதிய கதை அதுவன்று.

பெரிய பழுவேட்டரையரின் நிலை இன்னும் சிக்கலானது. உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்களைத் தாங்கிய அந்தக் கிழவர், பேத்தி வயதுப் பெண்ணை மணந்துகொண்டார் என்று நாடே நகைக்கிறது. நாவலின் சூழ்ச்சிகளில் பாதி அந்த நகைப்பிலிருந்து முளைப்பவை. நாவலில் முகத்தில் அறையும் அந்த வயது வேறுபாடு திரையில் சுருங்கிப்போகிறது. நகைப்பும் நம் காதில் விழாமல் போகிறது. பெருங்களத்தூரில் என்னோடு காலை நடைக்கு வருபவர்களில் ஐந்து பாகங்களையும் பலமுறை படித்தவர்கள் மூவர் உண்டு. படம் பிடித்திருந்தது, ஆனால் 'வாசிக்கும்போது வந்த பரபரப்பு வரவில்லை' என்று மூவருமே சொன்னார்கள். காரணத்தைப் படத்தொகுப்பில் ஒருவரும் வசனத்தில் ஒருவரும் தேடினார்கள். நான் பிறந்த ஆண்டுகளில் தேடச் சொன்னேன்.

தயாரிப்பாளர் தரப்பையும் கேட்க வேண்டும். எம்.ஜி.ஆர். 1950களின் இறுதியிலேயே அந்த நாவலின் உரிமையை வாங்கியும் படம் எடுக்கப்படவில்லை. பின்னர் மணிரத்னமும் கமல்ஹாசனும் முயன்றும் கைகூடவில்லை. பெருந்தொகை திரட்ட முடிந்த பிறகுதான் அது திரைக்கு வந்தது. அந்தத் தொகையைத் திரட்டித் தந்தவை நட்சத்திரங்களின் முகங்கள். நிதியளிப்பவருக்குக் கதை அடமானமாகாது. நாயகனின் பெயர் ஆகும். விநியோகஸ்தர் மினிமம் கியாரண்டி தருவதும், தொலைக்காட்சியும் இணையத் தளமும் முன்கூட்டியே விலை பேசுவதும் அந்தப் பெயரை வைத்துத்தான். எனவே முதலில் நாயகனின் கால்ஷீட், பிறகு கதை, பிறகு கதையை நாயகனுக்கேற்ப நறுக்குதல் என்று வரிசை தலைகீழாகிவிட்டது. இந்த வரிசையில் 'பொருந்தவில்லை' என்று கண்டறிய ஒரு கட்டமே கிடையாது. 1954இல் ராஜனை இரண்டு முறை மாற்ற முடிந்தது, ராஜன் யாருடைய பெயரை வைத்தும் விற்கப்படாததால். இன்று நாயகனை மாற்றினால் படமே கலைந்துவிடும்.

வணிகத்தில் இதற்கு உடனடித் தண்டனையும் இல்லை. பொன்னியின் செல்வன் பெரும் வசூல் ஈட்டியது. அப்படியானால் இழப்பு யாருக்கு என்று கேட்பவர்களுக்கு, ஆலைக் கழிவைப் பற்றிப் பொருளியலார் சொல்வதையே சொல்வேன்: விற்பவரும் வாங்குபவரும் சுமக்காத செலவை மூன்றாமவர் சுமக்கிறார். நாவலைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்த தலைமுறைக்குக் கரிகாலனின் முகம் இனி அதுதான். அவர்கள் பிறகு நூலைத் திறந்தாலும் அந்த முகம் முன்னால் வந்து நிற்கும்.

விலக்குகள் இல்லாமல் இல்லை. 'சம்பூர்ண ராமாயணம்' 1958இல் வந்தபோது என்.டி. ராமராவை ராமனாக்கி, சிவாஜியைப் பரதனாக்கினார்கள். அந்தப் பரதனை ராஜாஜி பாராட்டினார். 'மேஜர் சந்திரகாந்த்' படத்துக்கு நட்சத்திரத்தைத் தேடாமல், மேடையில் அந்த வேடத்தைச் செய்த சுந்தரராஜனையே கே. பாலசந்தர் வைத்துக்கொண்டார், பட்டமே பெயராகி ஒட்டிக்கொண்டது. 'முள்ளும் மலரும்' படத்தில் ரஜினிகாந்த் வேண்டாம் என்று தயாரிப்பாளர் தயங்கியபோது மகேந்திரன் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றிலும் முடிவெடுத்தவர் பாத்திரத்தை முழுதாக மனத்தில் வைத்திருந்தார்.

இப்போது நடைப்பயிற்சிக் கூட்டத்தின் பேச்சு வேள்பாரிக்கு மாறியிருக்கிறது. சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி' விகடனில் தொடராக வந்தபோது படம் வரைந்தவர் மணியம் செல்வன். கல்கியில் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் உருவம் கொடுத்த ஓவியர் மணியத்தின் மகன் அவர். அந்த நாவலைத் திரைக்குக் கொண்டுவரும் விருப்பத்தை இயக்குநர் ஷங்கர் பலமுறை வெளியிட்டிருக்கிறார். பாரி யார் என்று கேட்டால் ஆளுக்கொரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்கிறார்கள். சொல்லப்படும் பெயர்கள் அனைத்தும் சந்தையில் விலை போகக்கூடியவை. மலையில் பிறந்து வளர்ந்தவனின் நடை இவர்களில் யாருக்கு வரும் என்று நான் கேட்டேன். கபிலரோடு பாரி பேசும் ஒரே ஒரு காட்சியை, ஒப்பனையோடு, நான்கைந்து நடிகர்களை வைத்துத் தனித்தனியே எடுத்துப் பார்க்க இரண்டு நாள் போதும். அதற்கு ஆகும் செலவு, அப்படத்தின் நாயகனுக்குப் பேசப்படப்போகும் ஊதியத்தில் ஒரு மிகச் சிறு பகுதியாகத்தான் இருக்கும்.